அலைவுக்காலம் எத்தனை நொடி? இன்காய்ஸ் கடல் அலை எச்சரிக்கைச் சேவை குறித்த மதிப்பீடு

ஐதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், நாட்டின் கடலோரங்களுக்குக் கட்டணமின்றி வழங்கிவரும் கடல்நிலை முன்னறிவிப்பையும் அலை எச்சரிக்கைகளையும் குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். பள்ளியில் இயற்பியல் கற்பிப்பது என் தொழில். என் வகுப்பில் கடற்றொழில் செய்யும் வீடுகளின் பிள்ளைகள் நிறைய உண்டு. ஆகவே பாடமாகவும் பாதுகாப்பாகவும் இந்தச் சேவை எனக்கு முக்கியமானது. வாங்கும் பொருளுக்கும் உண்ணும் உணவுக்கும் மதிப்புரை எழுதும் நாம், உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பொதுச் சேவையை அதே அக்கறையுடன் மதிப்பிட்டு எழுதுவது தேவை என்று கருதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவை நம்பத்தக்கது, அறிவியல் அடிப்படை உறுதியானது. ஆனால் அது தரும் எண்களில் மிக முக்கியமான ஒன்று, அதாவது ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் இடையிலான நேரமாக நொடிகளில் குறிக்கப்படும் அலைவுக்காலம், படிப்பவர்களின் கவனத்துக்கு உரிய முறையில் போய்ச் சேருவதில்லை.

எச்சரிக்கை எப்படி இருக்கும் என்பதை முதலில் பார்ப்போம். கள்ளக்கடல் எனக் கேரளத்திலும் குமரியிலும் வழங்கும் திடீர்க் கடலேற்றத்துக்கான அறிவிப்பில், எந்த ஊர் முதல் எந்த ஊர் வரை என்ற எல்லை (குமரி மாவட்டத்துக்குப் பெரும்பாலும் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை), எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்ற கால அளவு, அலையின் உயரம் மீட்டரில், அலைவுக்காலம் நொடியில் ஆகியவை இருக்கும். எடுத்துக்காட்டாக, 16 முதல் 20 நொடி வரை அலைவுக்காலமும் 1 முதல் 1.5 மீட்டர் வரை உயரமும் கொண்ட அலைகள் வரக்கூடும் என்று ஒரு அறிவிப்பு சொல்லும். தீவிரத்தைப் பொறுத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்கள் மாறும். இதே தகவல் தொலைக்காட்சிக்கும் நாளிதழுக்கும் வந்து சேரும்போது, அலை ஒன்றரை மீட்டர் உயரம் எழும் என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆனி, ஆடி மாதக் கச்சான் காற்றில் மூன்று மீட்டர் அலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒன்றரை மீட்டர் என்பது பொருட்படுத்த வேண்டிய அளவாகத் தோன்றாது. இங்குதான் ஆபத்து தொடங்குகிறது.

அலை என்பது தண்ணீரின் பயணமன்று, ஆற்றலின் பயணம் என்று பாடநூல் சொல்கிறது. குமரிக் கடலோர ஊரான முட்டத்தில் அலை உடையும் இடத்துக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் ஒரு வள்ளத்தைச் சற்று நேரம் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். முகடு வரும்போது வள்ளம் உயர்ந்து கரைப்பக்கமாகச் சிறிது நகரும். பள்ளம் வரும்போது தாழ்ந்து, வந்த அளவு கடல்பக்கமாகத் திரும்பும். ஒரு சுற்று முடிந்ததும் ஏறத்தாழப் பழைய இடத்திலேயே நிற்கும். நாஞ்சில் நாட்டு வயலில் காற்றடிக்கும்போது அலை வரப்பு வரை ஓடினாலும் கதிர் வேரை விட்டு நகராததைப் போலத்தான் இதுவும். நீர்த்துகள் தன் இடத்தில் வட்டமடிக்கிறது. அந்த வட்டத்தைச் சுற்றவைக்கும் ஆற்றல் மட்டுமே அடுத்த துகளுக்கும் அதற்கடுத்த துகளுக்குமாகக் கைமாறிக் கரையை நோக்கி வருகிறது.

அப்படிக் கைமாறும் ஆற்றல் எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கான விடை, இந்தச் சேவையின் அடித்தளமே ஆகும். 1963இல் வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியலாளரும் அவருடைய குழுவினரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் பெருங்கடலின் குறுக்கே அளவீட்டு நிலையங்களை அமைத்து, அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் புயல் எழுப்பிய அலைகளைப் பின்தொடர்ந்தார்கள். புயல் பகுதியை விட்டு வெளியேறிய பின் நீண்ட அலைகள் மிகக் குறைந்த ஆற்றலையே இழந்து பெருங்கடலைக் கடக்கின்றன என்பது அந்த ஆய்வில் உறுதியானது. அதற்கும் முன்பாக, 1948இலேயே பார்பரும் அர்செல்லும் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் வந்துசேர்ந்த அலைகளின் அலைவுக்காலம் மாறும் விதத்தைக் கொண்டு அவற்றை எழுப்பிய புயல் எவ்வளவு தொலைவில் இருந்தது என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள்.

நம் கதை இந்தியப் பெருங்கடலில் நடக்கிறது. தெற்கு அகலாங்கு 30 பாகைக்கும் அப்பால், நிலம் குறுக்கிடாத பெருவெளியில், கடுங்காற்று பரந்த கடற்பரப்பின் மீது நாள்கணக்கில் ஒரே திசையில் வீசும்போது மிக நீண்ட அலைகள் உருவாகின்றன. ஆழ்கடலில் ஓர் அலையின் ஆற்றல் நகரும் வேகம் அதன் அலைவுக்காலத்தை மட்டுமே பொறுத்தது. நொடிகளில் உள்ள அலைவுக்காலத்தை 0.78 ஆல் பெருக்கினால் அந்த வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 18 நொடி அலைக்கு அது நொடிக்குச் சுமார் 14 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். தனித்தனி முகடுகள் இதைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓடினாலும், அலைக்கூட்டத்தின் முன்விளிம்பை எட்டியதும் அவை தேய்ந்து மறைய, பின்னால் புதிய முகடுகள் தோன்றுகின்றன. ஆற்றல் கூட்டத்தின் வேகத்திலேயே வருகிறது. தெற்கே 40 பாகையிலிருந்து குமரிமுனை வரை ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். அதைக் கடக்க 18 நொடி அலைக்கூட்டத்துக்கு நான்கரை நாள் போதும். 10 நொடி அலைக்கூட்டத்துக்கு எட்டு நாள் வேண்டும். எனவே நீண்ட அலைவுக்காலம் கொண்டவை முதலில் வந்துசேர்கின்றன, குறுகியவை பின்தொடர்கின்றன. வானம் தெளிந்து, உள்ளூர்க் காற்று அடங்கிக் கிடக்கும் சித்திரை வைகாசி நாளொன்றில் கடல் திடீரெனக் கரையேறுவதன் காரணம், நாம் கண்ணால் காணாத ஒரு புயல் நான்கைந்து நாளுக்கு முன்பே அனுப்பிவைத்த ஆற்றல்.

இந்த மெதுவான வருகைதான் எச்சரிக்கையைச் சாத்தியமாக்குகிறது. தென்கடலின் காற்றைச் செயற்கைக்கோள்களும் வானிலை மாதிரிகளும் காட்டித்தருகின்றன. வேவ்வாட்ச் 3 போன்ற கணினி மாதிரிகள் அந்தக் காற்று எழுப்பும் அலைகளைக் கணக்கிட்டு இந்தியக் கரை வரை நகர்த்திப் பார்க்கின்றன. கடலோரத்தில் மிதக்கும் அலைமானி மிதவைகள் கணக்கைச் சரிபார்க்கின்றன. இன்காய்ஸ் கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு முறையை 2020இல் தொடங்கியது. 2024 மார்ச் 31 அன்று திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டக் கடலோரங்களில் கடல் புகுந்தபோது, அதற்குக் காரணமான அலைகள் மார்ச் கடைசி வாரத்தில் தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்தவை என்பதை இந்த மையம் தடம்பிடித்து விளக்கியது. வரும் நாளையும் பகுதியையும் கணிப்பதைப் பொறுத்தவரை இந்தச் சேவைக்கு உயர்ந்த மதிப்பெண் தர எனக்குத் தயக்கமில்லை.

இனி நொடிகளுக்கு வருகிறேன். கரைக்கு வந்துசேரும் ஆற்றலை மதிப்பிட எளிய விதி ஒன்று உண்டு. மீட்டரில் உள்ள அலை உயரத்தை அதனாலேயே பெருக்கி, அதை அலைவுக்கால நொடிகளால் பெருக்கி, பாதியாக்கினால், ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் எத்தனை கிலோவாட் என்ற விடை ஏறத்தாழக் கிடைக்கும். உள்ளூர்க் காற்று எழுப்பிய 1 மீட்டர் உயரமுள்ள 6 நொடி அலை மீட்டருக்கு 3 கிலோவாட் கொண்டுவருகிறது. அதே 1 மீட்டர் உயரம், ஆனால் 18 நொடி என்றால் 9 கிலோவாட். அதாவது ஒரு மீட்டர் கரைக்கு 12 குதிரைத்திறன். இரண்டையும் உயரமாக மட்டும் சொன்னால் ஒரே அலை. ஆற்றலாகச் சொன்னால் ஒன்றைப்போல் மூன்று மடங்கு மற்றொன்று. இந்த ஆற்றலைப் பயனுள்ளதாக்கும் முயற்சியும் நமக்கு அருகிலேயே நடந்தது. விழிஞ்ஞத்தில் சென்னை ஐஐடியினர் 1991இல் அமைத்த 150 கிலோவாட் அலை மின்நிலையம், அலை ஏறி இறங்கும்போது ஓர் அறைக்குள் அழுத்தப்படும் காற்றைக் கொண்டு சுழலியைச் சுற்றவைத்தது.

ஆற்றலின் அளவு மட்டுமல்ல, அது செலவாகும் விதமும் நொடிகளைப் பொறுத்தே மாறுகிறது. 6 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 56 மீட்டர். 18 நொடி அலையின் நீளம் சுமார் 500 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வரை அலை கடலடியை உணரும் என்பதால், சிறிய அலை 28 மீட்டர் ஆழத்தில்தான் தரையை அறிகிறது. நீண்ட அலையோ 250 மீட்டர் ஆழத்திலேயே அறியத் தொடங்குகிறது. தரையை உணர்ந்த அலை வேகம் குறைகிறது. வேகம் குறைந்தாலும் பின்னாலிருந்து வரும் ஆற்றல் நிற்பதில்லை என்பதால், அலை உயர்ந்தாக வேண்டும். கடலடி உராய்வையும் அலை திசை திரும்புவதையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 18 நொடி அலை 3 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 1 மீட்டரிலிருந்து 1.6 மீட்டராக வளர்ந்துவிடுகிறது. 6 நொடி அலை அதே இடத்தில் ஏறத்தாழ 1 மீட்டராகவே நிற்கிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, அப்பாவோடு கரமடி (கரைவலை) இழுக்கப் போகும் ஒரு மாணவன், சின்ன அலையாகத் தெரிந்தது பக்கத்தில் வந்ததும் எழும்பி நிற்பதை முன்பே பார்த்திருப்பதாகச் சொன்னான். அவன் பார்த்ததற்கான காரணம் அந்தக் கணக்கில் இருக்கிறது.

உடைந்த பின் நீர் மணலில் எவ்வளவு உயரம் ஏறும் என்பதுதான் கரையில் நிற்பவருக்கு முடிவான கேள்வி. 1959இல் ஹன்ட் என்ற பொறியாளர் தந்த விதியின்படி, ஒரே சரிவுள்ள கரையில் நீர் ஏறும் உயரம், அலை உயரத்தையும் ஆழ்கடல் அலைநீளத்தையும் பெருக்கிய எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும். அலைநீளம் அலைவுக்காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், உயரம் இரட்டித்தால் நீர் ஏற்றம் ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. நொடிகள் இரட்டித்தால் ஏற்றமும் இரட்டிக்கிறது. 18 நொடி அலை, அதே உயரமுள்ள 6 நொடி அலையைவிட மூன்று மடங்கு உயரம் கரையேறும். அறிவிப்பில் உயரத்தைவிட நொடிகளை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த அலைகள் சீராக வருவதில்லை. சற்றே மாறுபட்ட அலைவுக்காலங்கள் ஒன்றோடொன்று சேர்வதால், ஐந்தாறு பெரிய அலைகள் ஒன்றாக வந்து போனபின் கடல் சில நிமிடங்கள் அடங்கிக் கிடக்கும். அத்தகைய ஒரு மாலையில் முட்டம் மீன்பிடித் துறைமுகச் சுவரில் நின்று கைப்பேசிக் கடிகாரத்தில் முகடுக்கு முகடு நேரத்தைக் குறித்தேன். 17 நொடி வந்தது, அடுத்ததும் 17, அதன்பின் 16. அந்த வரிசை முடிந்ததும் கடல் குளம்போல் ஆனது. அந்த அமைதியைப் பார்த்துச் சிலர் பாறை விளிம்புக்கு இறங்கினார்கள்; துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “மக்களே, ஏறி வாங்க, இப்போ திரும்ப வரும்” என்று குரல் கொடுத்து அவர்களை மேலேற்றினார். அடுத்த வரிசை அவர்கள் நின்ற இடத்தின் மீது ஏறிப் போயிற்று. முட்டம் போல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் இது மேலும் கடுமையாக இருக்கும், ஏனெனில் ஆழம் குறையும் பக்கம் அலை வளைவதால், பரந்த கடற்பரப்பின் ஆற்றல் முனையை நோக்கிக் குவிகிறது.

2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகிலுள்ள லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அந்த நாள்களில் வெளியிடப்பட்டிருந்தது. வெளியூரிலிருந்து வருபவர், தெளிந்த வானத்தையும் நடுவில் வரும் அந்த அமைதியையும் பார்த்து நீரில் இறங்குவதில் வியப்பில்லை. மீட்டரில் சொல்லப்படும் எண் அவரைத் தடுக்கப் போதாது. அந்த இளையவர்களை நினைக்கும்போதெல்லாம், இந்தச் சேவையின் கணிப்பைவிட அதன் சொல்முறையைப் பற்றியே அதிகம் யோசிக்கிறேன்.

ஆகவே என் எதிர்பார்ப்புகளைச் சொல்கிறேன். அறிவிப்பில் அலைவுக்காலம் இருக்கிறது, ஆனால் அதற்குப் பொருள் சொல்லும் ஒரு வரி உடன் இருக்க வேண்டும். ‘14 நொடிக்கு மேல்: உயரம் குறைவாகத் தெரிந்தாலும் நீர் வழக்கத்தைவிட வெகுதூரம் கரையேறும்’ என்று தமிழில் ஒரு வாக்கியம் சேர்த்தால், செய்தியாளரும் அதை விட்டுவிட மாட்டார். அடுத்து, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கரை ஒரே தன்மையுடையதன்று. செங்குத்தாக இறங்கும் மணற்கரையும், சமமான விரிந்த கரையும், பாறை முனையும், நேர்கல் சுவரும் தூண்டில் வளைவும் போடப்பட்ட கரையும் ஒரே அலைக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. முழு மாவட்டத்துக்கும் ஒரே எண் தருவது கணிப்பின் தொடக்கம் மட்டுமே; ஊருக்கு ஊர் நீர் ஏறும் உயரத்தைச் சொல்லும் நிலைக்கு அது வளர வேண்டும். கரைச் சரிவை அளந்து வைத்திருந்தால், மேலே சொன்ன ஹன்ட் விதியே முதல் மதிப்பீட்டுக்குப் போதும். இதில் பள்ளி, கல்லூரி மாணவர்களைக்கூட ஈடுபடுத்தலாம். மேலும், அறிவிப்பில் தரப்படும் உயரம் எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்பதும், தனி அலை ஒன்று ஏறத்தாழ அதைப்போல் இரு மடங்கு வரை எழலாம் என்பதும் பெரும்பாலோர் அறியாதது. அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

தகவல் பெறும் வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இன்காய்ஸ் இணையதளத்திலும் சமுத்ரா செயலியிலும் பார்க்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரெண்ட் செயலி அலை உயரம், காற்று முதலியவற்றைத் தமிழில் தருகிறது. கடற்றொழிலாளருக்கு எளிமையானது அதுதான். துறைமுகத்திலும் ஆலயத்திலும் ஒலிபெருக்கியில் அறிவிப்பது செயலிகளைவிட விரைவாக ஊர் முழுவதும் சேருகிறது என்பது என் அனுபவம்.

கடற்கரைக்குச் செல்ல நினைப்பவர், குறிப்பாகப் பங்குனி முதல் வைகாசி வரை, எச்சரிக்கையை இந்த வரிசையில் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் நொடிகள், 14ஐத் தாண்டினால் நீரில் கால் வைக்க வேண்டாம், பாறையிலும் தடுப்புச் சுவரிலும் ஏற வேண்டாம். பிறகு ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும் நேரம். அமாவாசையையும் வெள்ளுவாவையும் (பௌர்ணமி) ஒட்டிய நாள்களில் ஓதம் உயர்ந்து நிற்கும்போது இந்த அலைகள் வந்தால் நீர் வீட்டுவாசல் வரை வரும், ஆகவே வள்ளங்களை மேலேற்றிக் கட்டி, இடையில் போதிய இடைவெளி விட வேண்டும். அதன் பிறகே மீட்டர் கணக்கு. எச்சரிக்கை முடியும் நேரம் என்று குறிக்கப்பட்டிருப்பதற்குப் பின்னும் ஒரு முழு ஓதம் கடந்துபோகும் வரை நான் மாணவர்களைக் கரைக்கு அனுப்புவதில்லை.